தருமபுரி, கிருஷ்ணகிரியில் சேவைச் சங்கத்தில் சேருவது எப்படி: முதல் முகாம் முதல் முதல் பொறுப்பு வரை

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் தருமபுரி நான்கு ரோட்டிலும், கிருஷ்ணகிரி ஐந்து ரோடு ரவுண்டானாவிலும், ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கோட்டு அணிந்தவர்களின் படங்களோடு பதாகைகள் எழுவதைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டரி, அரிமா போன்ற சங்கங்களின் புதிய தலைவர்கள் பதவியேற்கும் மாதம் அது. அந்தப் பதாகைகளைப் பார்த்துவிட்டு, "நானும் ஏதாவது செய்ய வேண்டும், எப்படிச் சேருவது?" என்று ஆண்டுக்கு நான்கைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு விண்ணப்பப் படிவம்தான் முதல் படி என்ற எண்ணம் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக ஒரு சங்கத்தின் உறுப்பினராகவும், அதில் மூன்று ஆண்டுகள் செயலராகவும் இருந்த அனுபவத்தில் நான் சொல்வது வேறு. முதலில் ஒரு முகாமுக்குப் போய் மேசை நாற்காலி தூக்குங்கள். படிவம் பிறகு தானாக வரும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

எந்தச் சங்கம் எதற்கு

ரோட்டரி 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய நண்பர்கள் மூவரும் கூடித் தொடங்கியது. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழற்சி முறையில் கூடியதால்தான் அந்தப் பெயர் வந்தது. அரிமா சங்கம் என்று நாம் தமிழில் அழைக்கும் லயன்ஸ் இயக்கத்தை அதே சிகாகோவில் 1917-இல் காப்பீட்டுத் தொழிலில் இருந்த மெல்வின் ஜோன்ஸ் தொடங்கினார். 1925-இல் ஹெலன் கெல்லர் அதன் மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காகப் பாடுபடுமாறு கேட்டுக்கொண்டதிலிருந்து கண் தொடர்பான பணிகள் அரிமாக்களின் அடையாளமாகவே ஆகிவிட்டன. ரோட்டரியின் பெரிய அடையாளம் போலியோ ஒழிப்பு. 1985-இல் தொடங்கிய அந்தப் பணியின் பயனாகச் சொட்டு மருந்து நாளன்று சாவடிகளில் ரோட்டரி உறுப்பினர்கள் நிற்பது நம் ஊர்களில் பழகிப்போன காட்சியாயிற்று. இந்தியாவில் கடைசியாக இயற்கையாகப் பரவும் போலியோ கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில், போலியோ அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது 2014 மார்ச்சில்.

ஜேசிஐ எனப்படும் ஜேசீஸ் 18 முதல் 40 வயது வரையிலானவர்களுக்கு உரியது. மேடைப்பேச்சு, தலைமைப்பண்பு போன்ற பயிற்சிகளுக்கு அதில் இடம் அதிகம். அதன் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். இன்னர் வீல் 1924-இல் மான்செஸ்டரில் தோன்றிய பெண்கள் அமைப்பு. ரோட்டரியும் அரிமாவும் ஆண்களுக்கு மட்டும் என்று இன்னும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் நம் பகுதியில் உண்டு. அரிமா இயக்கம் 1987-லும் ரோட்டரி 1989-லும் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. ஆகவே ஒரு சங்கத்தில் பெண் உறுப்பினரே இல்லையென்றால் அது அந்த ஊர்ச் சங்கத்தின் பழக்கமே தவிர விதியன்று. விருப்பமுள்ள பெண்கள் அதைத் தயங்காமல் கேட்கலாம். மாணவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ரோட்டரியின் இன்டராக்ட், ரோட்டராக்ட் சங்கங்களும் அரிமாவின் லியோ சங்கங்களும் இருக்கின்றன. சந்தா கட்டும் நிலையில் இல்லாத, ஆனால் உழைக்க விரும்பும் ஓர் இளைஞருக்கு நான் முதலில் காட்டுவது இவற்றைத்தான். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்து பழகியவர்களுக்கு இங்கே எதுவும் புதிதாக இருக்காது.

ஒரு சொற்குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. சங்கத்தார் "மாவட்டம்" என்று சொல்வது வருவாய் மாவட்டத்தை அன்று. பல வருவாய் மாவட்டங்களைச் சேர்த்து எண் கொடுக்கப்பட்ட ஒரு நிர்வாகப் பகுதியை. அதன் தலைவர் "மாவட்ட ஆளுநர்". ஆளுநர் வருகை என்று அழைப்பிதழில் பார்த்துவிட்டுக் காவல்துறைப் பாதுகாப்பை எதிர்பார்த்து வந்த ஒரு புதியவரை எனக்குத் தெரியும்.

பெயரைவிட ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

மேலே சொன்ன வரலாறுகள் எல்லாம் தெரிந்திருந்தால் நல்லது; ஆனால் உங்கள் அனுபவத்தைத் தீர்மானிக்கப் போவது உலக அமைப்பு அன்று, உங்கள் ஊர்ச் சங்கத்தில் உள்ள முப்பது நாற்பது பேர்தான். ஒரே ஊரில் இரண்டு மூன்று ரோட்டரி சங்கங்களும் அதே அளவு அரிமா சங்கங்களும் இருப்பதுண்டு. ஒன்றில் மருத்துவர்கள் அதிகம் இருப்பார்கள், இன்னொன்றில் வணிகர்கள், மற்றொன்றில் ஆசிரியர்கள். சில சங்கங்கள் வெளியில் சொல்லாவிட்டாலும் ஒரே உறவுவட்டத்தாலோ ஒரே சாதியாராலோ நிரம்பியிருக்கும். விதிப்படி கட்சிக்கும் மதத்துக்கும் அப்பாற்பட்ட அமைப்புகள் இவை என்பதால், அந்த விதி நடைமுறையில் எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதை உறுப்பினர் பட்டியலைப் பார்த்தாலே ஊர்க்காரரான உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஒரு சங்கத்தை எடைபோட நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு செய்த பணிகளில் எது இந்த ஆண்டும் தொடர்கிறது? கடந்த கூட்டத்துக்கு உறுப்பினர்களில் எத்தனை பேர் வந்தார்கள்? ஆண்டு வரவு செலவுக் கணக்கு உறுப்பினர்களிடம் படிக்கப்படுகிறதா? முதல் கேள்விக்கு விடை வராத சங்கங்கள் நிறைய. அதற்குக் காரணமும் உண்டு. தலைவர் பதவி ஒவ்வோர் ஆண்டும் மாறுவதால், வருகிறவர் தமக்கென ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கவே விரும்புவார்; முன்னவர் வைத்த மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் அவருக்குப் பெயர் கிடைக்காது. இந்த அமைப்பு முறையின் பெரிய பலவீனம் அதுதான் என்பது என் கருத்து. அதை ஈடுகட்டப் பழகிய சங்கத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அது எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் அங்கே சேருங்கள்.

சேரும் முன்: மூன்று முகாம்கள்

உறுப்பினராகாமலே முகாம்களில் வேலை செய்ய எந்தச் சங்கமும் தடை சொல்வதில்லை. செயலரின் கைபேசி எண்ணை வாங்கி, "அடுத்த முகாமுக்கு நானும் வருகிறேன், என்ன வேலை கொடுத்தாலும் செய்கிறேன்" என்று சொன்னால் போதும். கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம், பள்ளி நிகழ்ச்சி என்று வெவ்வேறு வகையில் மூன்றையாவது பார்ப்பது நல்லது. இவற்றுள் கண் முகாம்தான் ஒரு சங்கத்தின் உள்ளும் புறமும் தெரியும் இடம் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்த முகாம்களின் அமைப்பு பல ஆண்டுகளாகச் செப்பனிடப்பட்டு வந்திருக்கிறது. 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, வெளியூர் முகாம்களில் வேலையை இரண்டாகப் பிரித்தது: மருத்துவம் மருத்துவமனையுடையது, ஆள் திரட்டலும் இடமும் உணவும் உள்ளூர் அமைப்பினுடையது. இன்று எந்த மருத்துவமனையோடு சேர்ந்து முகாம் நடத்தினாலும் ஏறத்தாழ இதே பிரிவினைதான். எனவே சங்கத்தின் பாதி வேலை முகாமுக்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பது எல்லோரும் செய்வது. அதைவிடப் பால் சங்கத்திலும் நியாயவிலைக் கடையிலும் நூறுநாள் வேலை நடக்கும் இடத்திலும் போய் நேரில் சொல்வது பலன் தருகிறது. கண்புரை உள்ள முதியவர்களின் மகனோ மருமகளோ அங்கேதான் நிற்பார்கள். நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஊர் அறிவு வேண்டும். போச்சம்பள்ளியில் ஞாயிறு சந்தை நாள். அன்றைக்குச் சந்தைக்கு அருகே முகாம் போட்டால் சுற்றுக் கிராமத்தார் வந்துபோகும் வழியில் கிடைப்பார்கள், சந்தையை விட்டுத் தொலைவில் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். மாங்காய் அறுப்பு மும்முரமாக இருக்கும் வாரங்களில் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் முகாம் வைப்பது வீண். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் மிகுதி என்பதால், பதிவு மேசையில் அந்த மொழிகள் தெரிந்த ஒருவரையாவது உட்கார வைக்க வேண்டும். உங்களுக்கு அவை தெரியுமென்றால் முதல் நாளிலேயே நீங்கள் தவிர்க்க முடியாத ஆளாகிவிடுவீர்கள்.

முகாம் நாளன்று புதியவருக்குப் பெரும்பாலும் பதிவு மேசைதான் கிடைக்கும். அதைச் சின்ன வேலை என்று எண்ண வேண்டாம். பெயர், வயது, ஊர் எழுதுவது எளிது. தொடர்பு எண் எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. பென்னாகரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மூதாட்டியிடம் கைபேசி இருக்காது. மகன் பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ இருப்பார். அவருடைய எண்ணை மட்டும் எழுதிவைத்தால், அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனைக்கு அழைக்கும்போது அவர் எடுக்கமாட்டார். எடுத்தாலும் அம்மாவிடம் சொல்ல வழியிருக்காது. பக்கத்து வீட்டு எண்ணையோ, அந்த ஊர் அங்கன்வாடிப் பணியாளரின் எண்ணையோ சேர்த்து எழுதி, அங்கேயே ஒரு முறை அழைத்துச் சரிபார்த்துவிடுங்கள். காலையில் வந்தவர்களில் பலர் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டி எதுவும் சாப்பிடாமல் வந்திருப்பார்கள். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையையும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். இட்லி வரும் நேரத்தையும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையின் நேரத்தையும் பொருத்திப் பார்க்கத் தெரிந்த ஒரு தொண்டர் முகாமுக்கு மிகப் பெரிய துணை. புரை என்று உறுதியாகி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பவர்கள் அன்று மாலையே மருத்துவமனை வண்டியில் ஏற்றப்படுவார்கள். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் கடைசி நிமிடத்தில் பயந்து இறங்கிவிடுவதுண்டு. "பாட்டி, நானும் கூட வர்றேன்" என்று வண்டியில் ஏறி உட்கார ஒருவர் இருந்தால் பாதிப் பேராவது இறங்கமாட்டார்கள் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்தபின் சொட்டு மருந்தை விடாமல் போடுவது, சொல்லப்பட்ட நாள்வரை தலைக்குக் குளிக்காமல் இருப்பது, மறுபரிசோதனைக்குப் போவது ஆகிய மூன்றும் நடந்தால்தான் முகாம் முடிந்ததாகக் கணக்கு. நாளிதழில் படம் வந்த மறுநாளே முகாம் முடிந்ததாக நினைக்கும் சங்கம் எது, ஒரு மாதம் கழித்தும் பட்டியலை வைத்துக்கொண்டு அழைக்கும் சங்கம் எது என்பது இங்கே வெட்டவெளிச்சமாகத் தெரிந்துவிடும். நீங்கள் சேர வேண்டியது இரண்டாவதில்.

இரத்ததான முகாமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உரிமம் பெற்ற இரத்த மையமே இரத்தம் எடுக்க முடியும். சங்கம் ஆள்களையும் இடத்தையும் சிற்றுண்டியையும் ஏற்பாடு செய்கிறது. கொடுப்பவருக்கு 18 முதல் 65 வயது வரை இருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். ஒரு முறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாள்களும் பெண்கள் 120 நாள்களும் இடைவெளி விட வேண்டும். கல்லூரிகளுக்கு விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்களில்தான் தட்டுப்பாடு வரும். ஆனால் சங்கங்கள் தலைவர்களின் பிறந்தநாளையும் ஆகஸ்ட் 15-ஐயும் பார்த்தே முகாம் வைக்கின்றன. நாள் குறிப்பதற்கு முன் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இரத்த மையத்தாரிடம் எப்போது தேவை என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது முறை.

விண்ணப்பம், சந்தா, சின்னம்

மூன்று முகாம்களில் உங்களைப் பார்த்துவிட்டால் சங்கத்திலிருந்தே அழைப்பு வரும். ரோட்டரியிலும் அரிமாவிலும் ஓர் உறுப்பினர் உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். நிர்வாகக் குழு அதை ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். பிறகு ஒரு கூட்டத்தில் உறுதிமொழி ஏற்று, சட்டையில் சின்னம் குத்தப்பட்டு, நீங்கள் உறுப்பினராவீர்கள். ரோட்டரியில் உங்கள் தொழில்வகையையும் கேட்டுப் பதிவார்கள், ஏனெனில் பல தொழில்களைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் கூட வேண்டும் என்பது அதன் தொடக்ககால எண்ணம். முன்மொழிபவரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. உங்களுக்குக் கடன் கொடுத்தவரோ, உங்களிடம் சரக்கு வாங்குபவரோ முன்மொழிந்தால், பின்னாளில் ஒரு தீர்மானத்தில் அவருக்கு எதிராகக் கை தூக்க உங்களால் முடியாமல் போகலாம்.

பணத்தைப் பற்றிக் கேட்பதற்கு நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். நீங்கள் கட்டும் தொகையில் பன்னாட்டு அமைப்புக்குப் போவது, மாவட்டத்துக்குப் போவது, உள்ளூர்ச் சங்கத்தில் தங்குவது என்று மூன்று பங்குகள் உண்டு. பன்னாட்டுப் பங்கு டாலரில் கணக்கிடப்படுவதால் ரூபாய் மதிப்பு இறங்கினால் அது ஏறும். இதற்கு மேல் சேர்க்கைக் கட்டணம், கூட்டத்துச் சாப்பாட்டுச் செலவு, அறக்கட்டளை நன்கொடை, மாநாட்டுப் பதிவு, பதவியேற்பு விழாப் பங்கு என்று வரக்கூடியவை பல. "ஓர் ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து ஓர் உறுப்பினருக்கு எவ்வளவு ஆகிறது?" என்று பொருளாளரிடம் கேட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தில் மூன்று திருமணங்களும் இரண்டு காதுகுத்தும் வரும் ஆண்டில் அந்தத் தொகையையும் மொய்க்கணக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பது விவேகம். முடியாதென்றால் தொண்டராகவே தொடர்வதில் ஒரு குறைவும் இல்லை. இந்திய செஞ்சிலுவைச் சங்கம் போன்று எவரும் நேரடியாக உறுப்பினராகக்கூடிய அமைப்பும் இருக்கிறது. அதன் மாவட்டக் கிளைக்கு ஆட்சியரே தலைவர்.

நன்கொடைக்கு, எல்லோரும் 80ஜி என்று அழைக்கும் வருமான வரிச் சலுகை கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளலாம். அது சங்கத்துக்கு அல்லாமல் அதனோடு இணைந்த அறக்கட்டளைக்கே பெரும்பாலும் இருக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கும் கிடைக்காது.

முதல் ஆண்டு

ரோட்டரி சங்கங்கள் மாதத்துக்குக் குறைந்தது இரண்டு முறை கூட வேண்டும். பல சங்கங்கள் வாரந்தோறும் கூடுகின்றன. முதல் ஆறு மாதக் கூட்டங்களைத் தவறவிடாதீர்கள். பேச்சாளர் எப்படியிருந்தாலும், கூட்டம் முடிந்து சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போதுதான் அடுத்த பணிகள் முடிவாகின்றன. கூட்டத்தில் மணி அடிப்பது, பெயருக்கு முன் "ரோட்டேரியன்", "அரிமா" என்று சேர்த்து அழைப்பது, தாமதமாக வந்தால் விளையாட்டாகத் தண்டம் வசூலிப்பது போன்ற சடங்குகள் முதலில் வேடிக்கையாகத் தோன்றும். பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் போகும் நேரத்தையும் பணத்தையும் பார்த்து எரிச்சலும் வரும். எனக்கு இன்னும் வருகிறது. அதை முதல் கூட்டத்திலேயே எழுந்து சொல்லாமல், ஒரு முகாமைச் சிக்கனமாக நடத்திக் காட்டிவிட்டுச் சொன்னால் காது கொடுப்பார்கள்.

முதல் பொறுப்பாக, இணைச் செயலர் பதவியையோ ஒரு திட்டத்தின் கணக்கெழுதும் வேலையையோ கேட்டு வாங்குங்கள். சங்கத்தின் நடைமுறை முழுவதும் செயலரின் கோப்பில்தான் இருக்கிறது: கூட்டக் குறிப்பு, வருகைப் பதிவு, மாவட்டத்துக்கு அனுப்பும் மாத அறிக்கை, அரசு அலுவலகங்களுக்கு எழுதிய கடிதங்கள். இரண்டே ஆண்டில் தலைவராக்கிவிடுகிறோம் என்று ஆசை காட்டினால், ஆள் கிடைக்காத சங்கம் அது என்று புரிந்துகொண்டு மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஊரின் தேவையறிந்து ஒரு பணி

உறுப்பினராகிச் சில மாதங்களில் "நீங்களே ஒரு திட்டம் சொல்லுங்கள்" என்பார்கள். அப்போது என் தவற்றைச் செய்யாதீர்கள்.

இவ்விரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பல இடங்களில் மிகுந்திருப்பது ஊரறிந்த செய்தி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போகும் நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் பழுப்புக் கறையும், பிறகு எலும்பிலும் மூட்டிலும் விறைப்பும் வரும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே, ஜப்பானின் கடனுதவியோடு, ஃபுளோரைடு பாதிப்பைத் தணிக்கும் நோக்கத்தையும் பெயரிலேயே கொண்டு வந்ததுதான். 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் காவிரி நீர் முறையாக வராத ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு, நான் செயலராக இருந்த ஆண்டில், சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றை வைத்துக் கொடுத்தோம். ரிப்பன் வெட்டினோம், பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தோம். எட்டு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த வழியே போனபோது, பிள்ளைகள் பழையபடி ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் மேல் தூசு படிந்திருந்தது. நான்காம் மாதமே வடிகட்டி அடைத்துக்கொண்டது என்றார் தலைமையாசிரியர். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். அவர் சுவரில் மாட்டியிருந்த எங்கள் பலகையைக் காட்டினார். அதில் இருந்தது முந்தைய தலைவரின் எண். அவர் பதவி முடிந்ததும் அந்தச் சிம் அட்டையையே மாற்றிவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் கடைப்பிடிக்கும் முறையை அப்படியே தருகிறேன். முதலில் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, உண்மையில் ஃபுளோரைடுதான் சிக்கலா என்று எழுத்தில் தெரிந்துகொள்கிறோம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் இதற்கு வழி இருக்கிறது. அடுத்து, காவிரி நீர்க் குழாய் அருகில் வந்திருந்தால் இயந்திரம் வாங்காமல், அந்த இணைப்பைப் பள்ளிக்கு இழுக்க ஊராட்சியோடு பேசுகிறோம். இதில் பதாகை வைக்க ஒன்றும் இல்லை என்பதால் சங்கத்தில் எதிர்ப்பு வரும், வரட்டும். இயந்திரம்தான் வழி என்றால், இரண்டு ஆண்டுக்கான வடிகட்டிச் செலவையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்கிறோம். மின்கட்டணம் யார் கட்டுவது, பழுதானால் யாரிடம் சொல்வது என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாக எழுதி வாங்குகிறோம். இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் கழிவுநீரில் ஃபுளோரைடு இன்னும் செறிவாக இருக்கும் என்பதால், அது கழிவறைக் கழுவலுக்குப் போகும்படி குழாய் அமைக்கிறோம். பலகையில் தனி மனிதரின் எண்ணுக்குப் பதிலாகச் சங்கத்துக்கென வாங்கிய எண் இருக்கிறது. ஜூலையில் அந்தச் சிம் அட்டை புதிய செயலரின் கைக்கு மாறும். மாதம் ஒரு முறை ஓர் உறுப்பினர் போய் அந்த நீரை ஒரு குவளை குடித்துவிட்டு வர வேண்டும் என்பதும் விதி.

வேறு பணிகளுக்கும் இதே அணுகுமுறை பொருந்தும். ஒருநாள் சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தி இருநூறு பேருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பதால் எதுவும் மாறாது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முகாமில் புதிதாகக் கண்டறிந்தவர்களின் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்திடம் கொடுத்து அவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டால், நம் ஒருநாள் வேலை ஆண்டு முழுவதும் நடக்கும். ஏரி தூர்வாரும் ஆசை உள்ளவர்கள், பொக்லைன் வாடகை பேசும் முன் அந்த ஏரி யாருடையது என்று பாருங்கள். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை பொதுவாக ஊராட்சி ஒன்றியத்திடமும், பெரியவை நீர்வளத் துறையிடமும் இருக்கும். எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண் எடுத்தாலும் கனிமத் திருட்டு என்று புகார் எழும். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற மலைப் பகுதிகளுக்குப் போகும்போது, போர்வையும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போவதற்கு முன், ஒரு தடவை வெறுங்கையோடு போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். நாங்கள் போர்வை கொண்டுபோன ஒரு மலைக்கிராமத்தில் அவர்கள் கேட்டது, பிள்ளைகள் கீழே உள்ள பள்ளிக்குப் போய்வர ஒரு வண்டிக்கு டீசல் செலவு.

படம் எடுப்பது பற்றி ஒரு வரி. உதவி பெறுகிறவரின் முகத்தை, அதிலும் குழந்தையின் முகத்தை, கையில் பொருளோடு நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் பொருளையும் இடத்தையும் எடுத்தாலே போதும்.

கணக்கு

திட்டத்துக்கென வந்த பணம் சங்கத்தின் சாப்பாட்டுக் கணக்கோடு கலக்கக் கூடாது. தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது, ஒவ்வொரு செலவுக்கும் பில் என்று வைத்துக்கொண்டால், ஜூன் 30 அன்று கணக்கை முடித்து ஜூலைக் கூட்டத்தில் படித்துவிடலாம். ஊரில் ஒரு கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் கொடுத்தாலும் அவருக்கு அந்தக் கணக்கின் நகல் போக வேண்டும். மறு ஆண்டு அவர் ஆயிரமாகக் கொடுப்பதற்கு அதைவிட நல்ல காரணம் நான் பார்த்ததில்லை.

விலக நேர்ந்தால்

இடமாற்றமோ, தொழில் நெருக்கடியோ, மனக்கசப்போ எதனாலும் விலக நேரலாம். அதைக் கூட்டத்துக்கு வராமல் இருந்து காட்டாமல் கடிதமாகக் கொடுங்கள். ரோட்டரியில் ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய நாள்களில் பட்டியலில் உள்ள எண்ணிக்கையை வைத்தே அந்த அரையாண்டின் பன்னாட்டுச் சந்தா கேட்கப்படுகிறது. ஜூன் கடைசிக்குள் சொல்லாவிட்டால் உங்கள் பங்கை மற்றவர்கள் தலையில் கட்டியதாகிவிடும். வேறு ஊருக்குப் போகிறவர்கள் அங்குள்ள சங்கத்தில் சேர்ந்துகொள்ள இங்கிருந்து நிலுவையின்மைக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். போகும் முன், மறுபரிசோதனைக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயரும் பக்கத்து வீட்டு எண்ணும் எழுதிய உங்கள் நோட்டை அடுத்தவர் கையில் கொடுத்து, அதில் முதல் இரண்டு பேரை அவர் முன்னிலையிலேயே அழைத்துப் பேசிவிட்டுப் போங்கள்.